வெங்காயம் மட்டும் துருவியவர்

கறியுருண்டையில் சிக்ஸ்டனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான்: வெங்காயம் துருவுவது. நாற்பத்தொரு கிறிஸ்துமஸாக அதை மட்டுமே செய்துவந்தார். முப்பத்து நான்கு வருஷம் தீவுக்கும் கரைக்கும் நடுவே ஆள் ஏற்றும் மஞ்சள் படகை ஓட்டியவர். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியாவிட்டாலும் தடுமாறமாட்டார். அடுப்படியில் மட்டும் மனைவி மாய்வோர்தான் மாலுமி. இவர் சன்னலோரம் நின்று துருவிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

மே மாதம், பிர்ச் மரங்கள் துளிர்விட்ட வாரத்தில் மாய்வோர் போய்விட்டாள். நவம்பர் பிறந்ததுமே அவள் தங்கை டாக்னி தொலைபேசியில் பேச்சை எடுத்துவிட்டாள்.

"இந்த வருஷம் பண்டிகைச் சாப்பாடு என் வீட்டுலதான், சிக்ஸ்டன். நீ ஒத்தையில கெடந்து அல்லாடாத."

"மேஜை இங்க இருக்கு. சாப்பாடும் இங்கதான்."

"மேஜையையா கடிச்சுத் திங்கப்போறோம்? உருண்டை யாரு போடுவா?"

"நான்."

டாக்னி சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "சரி. டிசம்பர் இருபத்துமூணாந்தேதி மத்தியானம் வர்றேன். முதல் உருண்டை எனக்கு. அது வாயில வைக்க வெளங்கலைன்னா எல்லாரும் என் வீட்டுக்கு. நீயுந்தான்."

சிக்ஸ்டன் ஒத்துக்கொண்டார். பதினான்கு பேர் உட்காரும் அந்த மேஜை அவர் கையால் இழைத்தது. ஒரு வருஷம் அதில் யாரும் உட்காராமல் போனால், பிறகு என்றைக்கும் உட்காரமாட்டார்கள் என்று அவருக்குப் பட்டது.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் அவருக்குக் கடும் ஜலதோஷம். மூக்குத்துளை இரண்டும் அடைத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் ரொட்டித்தூளைப் பாலிலும் பாலேட்டிலும் ஊறப்போட்டார். வெங்காயத்தைத் துருவி வெண்ணெயில் வதக்கினார். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சரிபாதி கொத்தியது இரண்டு கிலோ இருந்தது. அதில் ஒரு கிலோவைத்தான் பிசைந்தார். எதிலும் பாதியைக் கையிருப்பில் வைப்பது படகுக்காரப் புத்தி.

மசாலா அலமாரியில் சிவப்பு மூடியில் ஒரு குப்பி, நீல மூடியில் ஒரு குப்பி. இரண்டிலும் பொடி, இரண்டிலும் பெயரில்லை. மாய்வோர் மூடியைப் பார்த்தே எடுப்பாள். ஒன்று கறிக்குப் போடும், கிராம்பு வாசனையடிக்கும் ஒருவகை மிளகு; மற்றது காப்பியோடு தின்னும் பன்னில் போடுவது. எது என்று முகர்ந்து பார்த்தார். மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. பண்டிகைக்குச் சிவப்புதானே என்று, சிவப்பு மூடியிலிருந்து தாராளமாக இரண்டு கரண்டி போட்டார்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு டாக்னி வந்து, பூட்ஸைக் கழற்றி, காலுறையோடு அடுப்புக்கு முன் நின்றாள். முதலில் ஒரே ஒரு உருண்டையைப் பொரித்து ருசி பார்க்காமல் மற்றதை உருட்டக்கூடாது. அது எல்லா வீட்டுக்கும் உள்ள சட்டம். சிக்ஸ்டன் அந்த ஒற்றை உருண்டையைச் சட்டியில் உருட்டி உருட்டிச் சிவக்க வைத்தார். டாக்னி ஊதி ஊதி வாயில் போட்டாள். அவள் புருவம் மேலே ஏறியது.

"என்ன, உப்பு கம்மியா?"

"சிக்ஸ்டன், இதுக்குக் காப்பி போட்டியா?"

"காப்பி எதுக்கு?"

"பின்ன? இது பன்னு! ஏலக்காய் பன்னு! உள்ளுக்குள்ள ஒரு பன்னி ஓடுது, அவ்வளவுதான்!"

டாக்னி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. பந்தயம் போய்விட்டதே என்ற கவலைக்கு நடுவிலும் அவருக்கும் சிரிப்பு வந்து, அது தும்மலாக முடிந்தது.

"இன்னொரு கிலோ இருக்கு. இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்றார்.

"பாரு. ஆனா நீ தும்மிக்கிட்டே வெங்காயம் துருவாத. இங்க கொடு."

டாக்னி சன்னலோரம் நின்று துருவினாள். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிக்ஸ்டன் ஒன்றும் கேட்கவில்லை. வெங்காயம் துருவுகிறவர்களிடம் அதைக் கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த முறை நீல மூடி. முதல் உருண்டையை அவள் மெதுவாக மென்று தின்றாள். இன்னொன்று பொரிக்கச் சொன்னாள். அதையும் தின்றாள். "உருட்டலாம்" என்று கையை நீட்டினாள்.

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். வறண்ட கையோடு கறியை எடுத்தாள். அது விரலுக்கு விரல் அப்பிக்கொண்டு, உருண்டையாகாமல் நட்சத்திரமாகிவிட்டது. சிக்ஸ்டன் வெங்காயம்தான் துருவினார் என்றாலும், பார்ப்பதற்கு அவருக்குக் கண் இருந்தது. மாய்வோர் உள்ளங்கையையும் பலகையையும் நனைக்காமல் ஒன்றுகூட உருட்டியதில்லை.

"டாக்னி, உன் வீட்டுல நீ எப்படி உருட்டுவ?"

டாக்னி விரலில் அப்பிய கறியைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"டாக்னி?"

"பையில வாங்குவேன்."

"எந்தப் பை?"

"கடையில குளிர்பெட்டியில இருக்குமே, அந்தப் பை. பதினெட்டு வருஷமா. போதுமா? வெண்ணெயில சூடுபண்ணி வைப்பேன். வீட்டுல வாசனை வரணும்னு ஒரு வெங்காயத்தையும் சும்மா வதக்குவேன்."

"அடிப்பாவி! மாய்வோருக்குத் தெரியுமா?"

"அவளுக்கு மட்டுந்தான் தெரியும். வெங்காயம் வதக்குற யோசனையே அவ சொன்னதுதான்."

சிக்ஸ்டன் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் நின்றும் மாய்வோர் இவரிடம் மூச்சு விடவில்லை! இன்னும் என்னென்ன வைத்திருந்தாளோ என்று நினைக்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை டாக்னி பக்கம் தள்ளினார். "கையை நனை."

ஏலக்காய் உருண்டைகளை அன்றைக்கே காப்பியோடு தின்றார்கள். அப்படியொன்றும் மோசமில்லை என்று மூன்றாவதைத் தின்னும்போது டாக்னி ஒப்புக்கொண்டாள்.

மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்துக்கு, மேஜையில் பதிமூன்று பேர். பன்றித்தொடை பாதிகூடக் கரையவில்லை, கறியுருண்டைத் தட்டு காலியாகிவிட்டது. மகள் லிஸ்பெத் தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அப்பா, நெஜமா யாரு பண்ணினது இது? சித்தியா?" என்று கேட்டாள்.

சிக்ஸ்டன் டாக்னியைப் பார்த்தார். டாக்னி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்கப்பாதான். நான் வெங்காயம் மட்டுந்தான் துருவினேன்."