கடிகாரத்துக்கு ஒரு கட்டம்

மாடம்மாளைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் எழுதுகிறேன்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவள். ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறைகளைப் பதினாலு வருஷம் கூட்டித் துடைத்தாள். வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். "சாத்தியாச்சு" என்று கதவிடமே சொல்வாள். அதே கம்பெனி ஆபீஸில் இருந்த நாங்கள் சிரிப்போம்.

2003-இல் அந்த அறைகளின் கருவிகளை ஒரே கம்ப்யூட்டரில் இணைக்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று அறை, மூன்று கம்பெனிக் கருவிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். எது எதை அளக்கிறது, எந்த அளவில் சொல்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி விவரிக்க ஒரு படிவம் செய்தேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை செய்த சுப்ரியா, "கருவிக்குள்ள ஓடற கடிகாரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கோ சார், எந்த ஊர் நேரம்னு" என்றாள்.

"எல்லாம் ஒரே கட்டடத்துல இருக்கும்மா. நேரம் மட்டும் வேற வேறயா ஓடும்?" என்று அவள் வாயை அடைத்தேன். திமிர், வேறென்ன?

பத்தாம் நாள் சாயங்காலம் பார்த்தால், மூன்றாம் அறையில் சரக்கெல்லாம் உருகிக் கிடந்தது. திரையில், காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை கதவு திறந்திருந்ததாகப் பதிவு. அந்த நேரத்தில் அங்கே மாடம்மாள் ஒருத்திதான்.

"சேஷன் சாரே, ரெண்டு தரம் இழுத்துப் பாத்தேனே! சத்தியமா சாத்துனேன்!" என்று என்னைப் பார்த்து அழுதாள்.

மேனேஜர் ஸ்ரீகண்டனும் என்னைத்தான் பார்த்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார்" என்றேன். அன்றைக்கே அவள் சீட்டைக் கிழித்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் படிவத்தைச் சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது. மூன்றாம் அறைக் கருவிக்குள் ஓடியது லண்டன் நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால். அது காலை ஆறு என்றால் இங்கே பதினொன்றரை. அந்தப் பதினொன்றரைக்கு அங்கே இருந்தவன் நான். சோதனைக்காகக் கதவிடுக்கில் வயரை நீட்டி, கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு, அப்படியே கிழக்கேகோட்டைக்குச் சாப்பிடப் போய் ஆற அமரத் திரும்பி வந்தவனும் நான்தான். பாவி!

கடிகாரத்துக்குக் கட்டம் போட்டேன். படிவத்தை மற்றக் கிளைகளிலும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பாராட்டு வேறு. கூனிக் குறுகிக் கைகூப்பினேன்.

மாடம்மாள் சாலை பஜாரில் ஒரு அரிசி மண்டியில் கூட்டிக்கொண்டிருந்தாள். தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"நான் சாத்துனது எனக்கு அன்னைக்கே தெரியும் சாரே. மேனேஜர் சார்ட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.