ஜமால் பாய் மாட்டாத திங்கட்கிழமை

போன வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. திங்கட்கிழமை காலை, மலேசியாவின் கிள்ளானில் நான் வேலை செய்யும், சரக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் கம்பெனியில் பெயர்ச் சோதனையை ஓட்டினேன்.
2. ஒருவர் பெயரும் மாட்டவில்லை.
3. ஜமால் பாய் பெயர்கூட மாட்டவில்லை.
4. அதனால்தான் நான் அதை நம்பவில்லை.

ஏன் என்கிறீர்களா? பிரிட்டனுக்குச் சரக்கு அனுப்பினால், அந்த அரசாங்கம் நிதித் தடை விதித்தவர்களின் பட்டியலோடு எங்கள் வாடிக்கையாளர் பெயர்களை ஒப்பிட வேண்டும். அந்த ப்ரோக்ராமை எழுதியவள் நான். மசாலா ஏற்றுமதி செய்யும் ஜமால் பாய் ஒவ்வொரு தடவையும் அதில் மாட்டுவார். அவர் பெயரோடு அவருடைய அத்தா பெயரைச் சேர்த்தால்... பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவரின் முழுப் பெயர் அச்சாக வந்துவிடும். தான் அந்த ஆள் இல்லை என்று காட்ட, பாய் ஐசி அடையாள அட்டை நகலோடு வருவார். இரண்டு நாள் போகும். போன தடவை கப்பலையே தவறவிட்டார். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக பிரிட்டனில் சரக்கை வாங்குபவர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை அவருடைய சரக்கு ஏற வேண்டிய கப்பலுக்கு மறுநாள் மதியம் வரைதான் நேரம்.

பாஸுக்கு ஒரே சந்தோஷம். "பாய் க்ளியர்லா. இன்னிக்குத்தான் உன் சிஸ்டம் ஒழுங்கா வேலை செய்யுது. அனுப்பிடு."

நான் அனுப்பவில்லை. பட்டியல் இறங்கும் இரண்டு முகவரிகளையும் திறந்தேன். இரண்டிலும் 'இடம் மாறிவிட்டது' என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது. என் ப்ரோக்ராம் அதையே பட்டியல் என்று நம்பி, பெயரே இல்லாத தாளில் பெயர் தேடி, எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்லியிருக்கிறது!

எல்லாச் சரக்கையும் நிறுத்திவிட்டு, முதலில் பாய்க்கு போன் செய்தேன்.

"மாட்டினாலும் நிறுத்துறீங்க, மாட்டலைன்னாலும் நிறுத்துறீங்க. நான் என்னதாம்மா செய்யணும்?"

காலைக்குள் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

பிரிட்டன் அரசாங்கத்தைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன் — முடியவில்லை. முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். எந்த விவரம் எங்கே போகிறது என்று அட்டவணை, ஓட்டிப் பார்க்க மாதிரிக் கோப்பு... எல்லாம் என் மெயிலில், திறக்காமலே. பூட்டை மாற்றுகிறவர்களில் எத்தனை பேர் சாவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்?

மாற்றமும் உருப்படியானது. முன்பு இரண்டு பட்டியல். ஒரே ஆளுக்கு இரண்டிலும் வெவ்வேறு எண். ஒன்றில் பாயை விடுவித்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். இப்போது ஒரே பட்டியல், ஓர் ஆளுக்கு ஒரே எண். 'இந்த எண்காரர் எங்கள் பாய் அல்ல' என்று ஒருமுறை பதிந்தால் போதும். பாயைப் பார்த்தே இராத யாரோ ஓர் அதிகாரி இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அன்று மாலைக்குள் ப்ரோக்ராமை மாற்றினேன். பாய் மாட்டினார். இவ்வளவு நிம்மதி எனக்கு வந்ததே இல்லை. பிறந்த ஆண்டு வேறு, நாடு வேறு என்று சரிபார்த்துப் பதிந்தேன். காலையில் மறுபடி ஓட்டினேன். பாய் மாட்டவில்லை — இந்த முறை நிஜமாகவே.

கொண்டெய்னர் அந்தக் கப்பலிலேயே போய்விட்டது. திங்கட்கிழமையே அனுப்பியிருந்தாலும் இதேதானே நடந்திருக்கும் என்று பாஸ் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.