ஒண்ணும் ஆகாதாம்

பழைய டி.வி., கம்ப்யூட்டர் பிரிக்கிற ஆக்ரி, அதாவது காயலான் கடைத் தொழிலாளிகளுக்கு, உடம்புக்குக் கேடு வராமல் அந்த வேலையைச் செய்யச் சொல்லித்தர, தம்பானூர் பக்கம் ஒரு ஹாலில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. சார் மலையாளி. வந்தவர்கள் எல்லாம் தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர்கள். சார் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை. இங்கே சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. இரண்டு பாஷையும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திமிரும் நிறையவே உண்டு.

முதல் வாரம், சாப்பாட்டு நேரம். எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, டி.வி. டியூப உடைச்சா வெள்ளையாப் பொடி பறக்கும்லா, அது சேலையெல்லாம் ஒட்டுது. அப்படியே போயி பிள்ளைக்குப் பால் குடுத்தா ஒண்ணும் செய்யாதா? சார்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

எனக்குப் பசி உயிர் போனது. இதைக் கேட்டால் மனுஷன் அரைமணி நேரம் பிடித்துக்கொள்வார். சாரிடம் திரும்பி, சாப்பாடு வந்தாச்சா என்று மலையாளத்தில் கேட்டேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். நான் அவளிடம், "ஒண்ணும் ஆகாதாம்" என்றேன். மலையாளம் பிடிபடாத அவள் நம்பிவிட்டாள். நான் இரண்டாவது முறையும் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சீ, என்ன ஜென்மம் நான்!

அடுத்த சனிக்கிழமை, அந்தப் பொடி விஷம் என்றார் சார். வேலை செய்த துணியோடு குழந்தையைத் தொடவே கூடாது, குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் தூக்க வேண்டும் என்றார். அதையும் நானேதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

அவள் எழுந்தாள். "போன வாரம் சார்தான ஒண்ணும் ஆகாதுன்னாரு? அதுக்கு முன்ன, பிள்ளை கெடந்து அழுதாலும் குளிச்சிட்டுத்தான் தூக்குவேன். சார் சொன்ன பெறவுதான் வேலை செஞ்ச சேலையோட எடுத்தேன்."

"எந்தா பறஞ்ஞே?" அவள் என்ன சொன்னாள் என்று சார் என்னைக் கேட்டார்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். 'சார் சொன்னார்' என்பதை மட்டும் 'யாரோ சொன்னார்களாம்' என்று மாற்றினேன்.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. குழந்தையை உடனே ஆஸ்பத்திரியில் காட்டி ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். அதைச் சொன்னேன். கடைசியாக அவர் சொன்னதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

"இனி அந்த மாதிரி ஆளுங்க பேச்சைக் கேக்காதீங்கன்னு சார் சொல்றார்."

அவள் சாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரிக்கா" என்றாள்.