கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்பில் 'அட்ஜஸ்ட்' என்ற வினைச்சொல் வரும். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், அதன் அடியில் 'அருகில்' என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒன்று இருக்கிறது என்று பெருமையாக விளக்குவேன். கண்ணாடியை, செருப்பின் வாரை, மின்விசிறியின் வேகத்தை என்று கரும்பலகையில் எடுத்துக்காட்டுகள் எழுதுவேன். பிள்ளைகளுக்கு அதெல்லாம் வேண்டியதே இல்லை. வத்தலக்குண்டு பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக இடம் கேட்பவர் சொல்வாரே, அந்தச் சொல் என்றால் போதும், வகுப்பே தலையாட்டும்.

அதே சொல்லைத்தான் என் மகளுக்கும் போனில் சொன்னேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அவளுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது அவளை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார் என்றாள்.

"புது ஊரு, பயத்துல செய்றாரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போடவேண்டும் போலிருக்கிறது.

நான்காவது முறை போன் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, கையில் ஒரே ஒரு பையோடு அவளே வந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா பேச வருவதாகத் தகவல். என் கணவர் போனபிறகு வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் என் அண்ணன்தான். அவரும் வந்துவிட்டார். பேசிச் சமாதானமானால் பெண்ணைப் பூ, பழத் தட்டு வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். பேச்சு முடிந்தபிறகுதான் தட்டு. நானோ காலையிலேயே வைத்துவிட்டேன். நிலக்கோட்டை மல்லிகை நான்கு முழம், ஆயக்குடிக் கொய்யா, வெற்றிலை பாக்கு, எல்லாம் கூடத்து மேசைமேல். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்தவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பெரியப்பாவுக்குத் தட்டைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சரம்மா ஏற்பாடெல்லாம் பண்ணிட்டாக. அப்புறம் என்ன பேச்சு? சின்னஞ்சிறுசுக, அட்ஜஸ்ட் பண்ணித்தான் போகணும்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அண்ணன். "ஏத்தா, கெளம்பு."

மகள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். அழவில்லை.

"அண்ணே, அந்தப் பூட்டு?" என்றேன். "இனிமே வெளிய பூட்டமாட்டாகன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

பெரியப்பா சிரித்தார். "காரணமில்லாமயா பூட்டுவான்? போகப்போகச் சரியாயிரும். பாப்பாதான் செத்த அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

மூன்று முறையும் நான் பேசிய பேச்சு அவர் வாயிலிருந்து அப்படியே வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

"இவ வரல" என்றேன்.

"என்ன பேசுற நீ?" அண்ணன் எழுந்தேவிட்டார். "ஊரு என்ன சொல்லும்?"

"ஊரையா உள்ள வச்சுப் பூட்டுறாக?"

அதற்குப்பின் கொஞ்ச நேரம் சத்தம். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அண்ணனும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே அவர் பின்னால் போனார். கார் கிளம்பியது. பழக்கதோஷத்தில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"அம்மா, தாழ்ப்பா போடாத."

திரும்பிப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். பை இன்னும் கையில்தான் இருந்தது.

கதவை விரியத் திறந்து ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். அவள் அந்தப் பையைக் கீழே வைக்க, அதற்குப் பிறகும் வெகுநேரமானது.