மூன்று மில்லிமீட்டர் தோல்

அண்ணனுக்கு முதுகெலும்பில் கட்டி என்று வேலூரில் சொன்னார்கள். ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். கட்டி ஓர் எலும்பை உள்ளுக்குள்ளேயே அரித்திருந்தது. குலுங்கக் கூடாது, குலுங்கினால் அந்த எலும்பு நொறுங்கிவிடும், அப்புறம் கால் வராது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் எட்டாவதோடு நின்றவன். அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. குலுங்கக் கூடாது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஆம்பூரிலிருந்து வேலூர் போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கலாம் என்றேன்.

"அங்க எல்லாம் சாவப் போற மூஞ்சோட வராண்டால ஒக்காந்துனு இருப்பான். நான் ஊட்ல படுத்துக்கறேன் போடா" என்றார் அண்ணன்.

ஒருநாள் வாடகைக் காரில் போனோம். புதுக் கார். பின் சீட்டு உட்கார மட்டும்தான் தோதாகக் குழிந்திருந்தது. படுத்தால் இடுப்புக்குக் கீழே பள்ளம். மாதனூர் தாண்டுவதற்குள் அண்ணன் உதட்டைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. மறுநாள் அவருடைய பழைய காரைத்தான் எடுத்தேன்.

அது சின்னக் கார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். பின் சீட்டு பலகை மாதிரி ஒரே சமம். தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தபோது வாங்கி, இருபது வருஷமாக வைத்திருந்தார். கல்யாணம் ஆகாதவர், அதைத்தான் துடைத்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளாக நின்றே கிடந்ததில் பின் சக்கரங்கள் துருவேறி, டயர் உட்காரும் விளிம்பு பொத்துப்போயிருந்தது. பின்பக்கம் அடுக்குப் பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினால் கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடும்.

பைபாஸ் ஓரம் கடை வைத்திருக்கிற மெக்கானிக் பாய்தான் எப்போதும் அந்த வண்டிக்குக் கை வைப்பவர். அவர் வேறு ஒரு காரின் பழைய சக்கரம் இரண்டைத் தேடிப் பின்னால் மாட்டினார். ஓட்டைக்கு ஓட்டை சரியாக உட்கார்ந்தது. ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு, இன்னொரு பட்டை சேர்க்க வேண்டும் என்றார்.

"சேத்தா இன்னும் கல்லு மாதிரி ஆயிடும் பாய். ஒண்ணு எடுத்துடுங்க."

"எடுத்தா வண்டி ஒக்காந்துடும்பா. இந்த வீலு ஏற்கனவே உள்ள தள்ளி நிக்குது. டயரு பட்டைல ஒரசும்."

"ஒரசினா பாத்துக்கலாம். அவரு முதுகு தாங்காது பாய்."

பாய் என் முகத்தைப் பார்த்தார். "நீ வேற, பேஜாரு புடிச்சவன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பட்டையைக் கழற்றினார்.

வண்டி மெத்தென்று போனது. ஆனால் இடது பின் சக்கரம் உரச ஆரம்பித்தது. கர்ர் கர்ர் என்று. வளைவில் அதிகம். நான் ஓட்டும்போது ரோட்டைப் பார்த்ததைவிட அந்தச் சத்தத்தைக் கேட்டதுதான் ஜாஸ்தி. டயர் அறுந்து வெடித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு மேம்பாலத்திலும் நினைப்பேன். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் டயரின் உள்பக்கம் விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது.

சக்கரத்துக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் இரும்பு வளையம் வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும் என்றார் பாய். லேத்தில் கடைந்து வர வேண்டும். ராணிப்பேட்டையில் சொல்லியிருக்கிறேன், நாலு நாள் ஆகும் என்றார்.

நாலு நாள் என்னால் முடியவில்லை.

நான் வேலை செய்வது ஷூ கம்பெனி கட்டிங் பிரிவில். எங்கள் ஊரில் எதற்கும் தோல்தான் வைப்போம். குழாய் ஒழுகினால் ஒரு வட்டத் தோல். மேஜை ஆடினால் காலுக்கடியில் ஒரு துண்டு. கதவு கிறீச்சிட்டால் கீலுக்கு நடுவில் ஒரு துண்டு. கழிவுக் குவியலில் அடித்தோல் கிடந்தது, ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடுகிற கெட்டித் தோல், அளவுக் கருவியில் சரியாக மூன்று. வளையமாக வெட்டி, நாலு ஓட்டை போட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் நானே ஜாக்கி வைத்து மாட்டினேன். பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடாது என்பார் என்று எனக்கு உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்திருந்தது.

மறுநாள் சத்தமே இல்லை. பள்ளிகொண்டா வரைக்கும் அண்ணன் கண்ணை மூடியே வந்தார்.

"டேய், வண்டி இன்னிக்கி பட்டு மாரி போவுதுடா."

அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாள் நான் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மழை. சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினோம். நனைந்த தோல் அழுத்தினால் மெலிந்துபோகும் என்பது என் தொழிலே சொல்லிக்கொடுத்த விஷயம். லாஸ்ட் என்கிற பாத அச்சில் இழுத்து உட்கார வைப்பதற்கு முன்னால் தோலை ஈரமாக்குவதே அதற்காகத்தான். அது ஞாபகத்துக்கு வரவில்லை. தோல் மெலிந்தால் நட்டுகள் லூசாகும் என்பதும் வரவில்லை. நாலாம் நாள் திரும்பி வரும்போது மாதனூருக்கு முன்னால் பின்பக்கம் ஆடியது. பிரேக்கை மிதித்தேன். ஒரு சக்கரம் எங்களைத் தாண்டி முன்னால் உருண்டு போவதைப் பார்த்து, யார் வண்டிச் சக்கரமோ என்று நினைத்தேன். அப்புறம் இடது பக்கம் தரையில் மோதியது. அண்ணன் சீட்டிலிருந்து கீழே விழுந்தார்.

கத்தவில்லை. "டேய், காலு எங்கடா கீது?" என்று கேட்டார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் செய்த ஒரு காரியத்தை எழுதியே ஆக வேண்டும். அவரை அங்கே வந்த இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தபோது, டிரம்மில் ஒட்டிக்கொண்டிருந்த தோல் வளையத்தைப் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அந்த எலும்பு நொறுங்கித்தான் போனது. கால் வரவில்லை.

பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "நட்ட ஒயுங்கா முடுக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்கு கட? ஒரு மனுசன மொடமாக்கிட்டியே" என்று கேட்டாள். பாய், "முடுக்கினேன்னு தான் ஞாபகம்மா" என்று மட்டும் சொல்லி, வாங்கி வந்த பழத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவர் கடைப் பக்கம் போகிறவர்கள் சொன்னார்கள். ஒரு வண்டி வெளியே போவதற்கு முன்னால் பாய் ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை முடுக்குகிறாராம். கிளம்பின வண்டியை ஓடிப்போய் நிறுத்தி மறுபடியும் முடுக்கினாராம்.

ஐந்து மாசம் கழித்து ஒரு மத்தியானம், அண்ணனுக்கு உடம்பு துடைத்துவிட்டு, வளையத்தை அவர் கையில் வைத்தேன். "வீலுக்குள்ள நான் வெச்சதுண்ணா" என்றேன். அவர் கண்ணால் பார்க்கவில்லை. இருபது வருஷம் தோலைத் தரம் பிரித்த கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து வட்டமாக நகர்த்தினார்.

"எத்தினி எம்எம் வெச்ச?"

"மூணுண்ணா."

"இப்ப ரெண்டு கூட இல்ல." இன்னொரு சுற்று நகர்த்தினார். "இந்தப் பக்கம் ஒன்றரைதான் கீது."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போய்விட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, "பாய்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இல்லண்ணா."

"போய் சொல்ட்டு வா. அப்புறமா என் மூஞ்சில முழி."

அன்றைக்கே போனேன். பாய் ஒரு காரின் பக்கத்தில் உட்கார்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். வளையத்தை நீட்டி, சொன்னேன். வாங்கிப் பார்த்தார். ஓட்டைகளை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றிலும் விரலை விட்டார்.

"அஞ்சு மாசம்" என்றார். "அஞ்சு மாசமா தொழுகைல நிக்கறப்போ கூட நட்டு தான்யா கண்ணுல வருது."

நான் கும்பிட்டேன். அவர் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, முடுக்கி முடித்திருந்த நட்டையே மறுபடி முடுக்கினார். அப்புறம் அடுத்ததை.