எஸ்தர் அக்கா கறந்த பால்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது. எங்கள் லேப்பின் வாட்ஸாப் குழுவில் நிர்மலா அக்கா போட்டிருந்தார்: "நம் எஸ்தர் மாரடைப்பால் காலமானார். நாளை காலை பதினோரு மணிக்கு அடக்கம்." அந்த வரியை நான் மூன்றாவது முறை படித்துக்கொண்டிருக்கும்போதே அஞ்சலிகள் அடுத்தடுத்து வந்து விழத் தொடங்கின. கைகூப்பும் படங்கள். மெழுகுவர்த்திப் படம். "அமைதியின் வடிவம்." "கோபம் என்றால் என்னவென்றே தெரியாதவர்." "யாரிடமும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை." நாற்பத்தோரு வயதில் செத்துப்போன ஒரு பெண்ணைப் பத்தே நிமிடத்தில் வழவழவென்று தேய்த்துச் சுவரில் மாட்டத் தயாராக்கிவிட்டார்கள்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எஸ்தர் அக்காவுக்குக் கோபம் வரும். யார்மேல் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நானும் இருந்தேன்.

கணபதியில் உள்ள எங்கள் லேப்பில் பதினான்கு வருடம் இரத்தம் எடுத்தவர் அவர். நான் அங்கே நான்கு வருடமாக ரிப்போர்ட் அடிக்கிறேன். சுற்றிலும் பட்டறைகள். லேத்தில் நின்று மரத்துப்போன கைகள், சர்க்கரையில் நரம்பு ஒளிந்துகொண்ட கைகள் எல்லாம் காலை ஆறரைக்கே வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும். அவை அவரைத்தான் கேட்கும். ஒருமுறை ஒரு பட்டறைக்காரர், ஆறடி ஆள், ஊசியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வேண்டாமுங்க சிஸ்டர், நான் நாளைக்கு வாரேன்" என்றார்.

"நாளைக்கும் இதே ஊசிதானுங்க அண்ணா. உக்காருங்க. நேத்து உங்க ஊட்டுல என்னங்க கொழம்பு?"

"கொழம்பா? தட்டப்பயிறு..."

"கத்திரிக்கா போட்டா, போடாமலா?"

அவர் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "முடிஞ்சுபோச்சுங்க, கைய மடக்கிக்கோங்க" என்றார் அக்கா. வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு தன் குடும்பத்தில் யாருக்கு என்றாலும் எஸ்தர் சிஸ்டர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டுதான் அழைத்துவருவார். ஊசிக்குப் பயந்தவர்கள் உண்டு, ஆனால் எஸ்தர் அக்காவின் கை தொடுவதற்கு யாரும் தயங்கி நான் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வீடு அன்னூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு காலனியில். தங்கை ரூத்தோடு இருந்தார். அவர்களுடைய அம்மா ஆயுள் முழுக்கத் தோட்டங்களில் களையெடுத்தவர். எங்கள் தோட்டத்தில் அல்ல, எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில். வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையில் ராணி என்று ஒரு வெள்ளாட்டை எஸ்தர் அக்கா வைத்திருந்தார். காலையில் லேப்புக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, சாயங்காலம் திரும்பிய பின் ஒருமுறை கறப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் என் அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. வெள்ளாட்டுப் பால் கிடைத்தால் தேவலாம் என்று அம்மா சொன்னார். நான் எஸ்தர் அக்காவிடம் கேட்டேன். "தூக்குப் போசியோட வா கண்ணு" என்றார். தூக்குப் பாத்திரத்தோடு ஒரு மாதம் தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் போனேன்.

நான் நிறையப் படிக்கிறவள். தியானத்தைப் பற்றியும் மனம் ஒடுங்குவதைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அந்தத் தகரக் கொட்டகையில் பார்த்ததைப் போல எதுவும் எனக்கு விளங்கியதில்லை. அக்கா ராணியின் மடியை வெந்நீரில் நனைத்த துணியால் துடைப்பார். கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருப்பார். முதல் பீச்சலைத் தரையில் விடுவார். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் காம்பின் மேலே வளையமாக மூட, மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும். சொம்பின் அடியில் பால் விழும் சத்தம் முதலில் கணீரென்று கேட்கும். நுரை ஏற ஏற அது தாழ்ந்து ஒரு முணுமுணுப்பாகிவிடும். ராணி கண்ணை அரைவாசி மூடி அசைபோடும். அக்காவின் தோள் இறங்கும், நெற்றி ஆட்டின் விலாவில் சாயும். நாள் முழுக்க நின்ற களைப்பு அவர் முகத்திலிருந்து வழிந்துபோவதைச் சுவரோரம் நின்று பார்ப்பேன். எனக்கும் மூச்சு நீளமாகும்.

அங்கே ஒருநாள் நானும் உட்கார்ந்தேன். அன்று லேப்பில் யாரோ என்னிடம் கத்தியிருந்தார்கள். அந்தச் சூட்டோடு காம்பைப் பிடித்ததும் ராணி ஒரு உதை விட்டது. பால் ஒரு சொட்டு வரவில்லை.

"பால எக்கிக்கிச்சு பாரு. கம்ப்யூட்டர் தட்டற கையில்ல? அதுவும் கோவத்தோட வேற தட்டறே."

"அதுக்கு எப்படிக்கா தெரியுது?"

"மடிக்குத் தெரியும். கோவத்த வெளிய கழட்டி வெச்சுப்போட்டுத்தான் உள்ள வரோணும்."

"வெளிய வெச்சா அப்படியே போயிருமாக்கா?"

"எங்க போகும்? என்னுது தானே. போறப்ப எடுத்துக்குவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அவருக்குத் தினமும் கழற்றி வைக்க இவ்வளவு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த அமைதி அவர் வேலை செய்து வரவழைத்தது, காலையிலும் மாலையிலும், கையால். நாங்களோ அது அவருடைய பிறவிக்குணம் என்று நினைத்து அதன்மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றினோம். விடுப்பு எடுத்தவர்களின் வேலை, பண்டிகை நாள் வேலை, கத்துகிற வாடிக்கையாளர்கள். "எஸ்தரம்மாகிட்டச் சொல்லுங்க, ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க."

அந்த மாதம் முழுக்கக் கறந்த பாலில் எனக்குத் தினமும் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தார். இஞ்சி தட்டிப்போட்ட டீ. குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். வீட்டில் அம்மா முதல் நாளே கேட்டார்: "யாரு ஊட்டுப் பாலு?" "அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துலம்மா" என்றேன். தோட்டம் என்ற சொல் போதுமானதாக இருந்தது. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தான் நான் அந்தச் சொல்லைத் தேர்ந்தேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் அக்கா எங்கள் எல்லோரையும் அழைத்தார். நாங்கள் ஏழு பேர் போனோம். பேக்கரியில் வாங்கிய கேக்கைப் பெட்டியோடு கொடுத்தார், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ரூத் ஒரு தட்டில் ஏழு டம்ளர் டீ கொண்டுவந்தாள். நிர்மலா அக்கா, "வர்ற வழியிலதான் குடிச்சோம் கண்ணு" என்றார். இன்னொருவர், "டாக்டர் டீயவே நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றார். இன்னொருவருக்கு வயிறு சரியில்லை. ஆறு பேரும் மறுத்த தட்டு கடைசியாக என்னிடம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இப்பத்தாங்க்கா குடிச்சோம்" என்றேன்.

எஸ்தர் அக்கா தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனார். டீயைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றும் சத்தம் ஏழு முறை கேட்டது. அடுத்த நாள் மத்தியானம், நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, என் மேசையில் இருந்த, சமத்துவம் பற்றிய தடிமனான புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இதுல எல்லாம் போட்டிருக்குமில்ல கண்ணு?"

"எதுக்கா?"

"நேத்து நீ பண்ணுனது."

புத்தகத்தை அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனார். குரல் உயரவில்லை. குரல் உயராததால் கோபம் இல்லை என்று எழுதுகிறவர்களே, உங்கள்மேல் அது இத்தனை வருடமும் இருந்தது. நான் பின்னொரு நாள் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார். அதற்குப் பிறகும் என்னோடு சிரித்துப் பேசினார். டீ மட்டும் கொடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்புறம் ராணி கத்திக்கொண்டிருந்தது. பாட்டுக்கு மேலே அந்தச் சத்தம் ஏறியது. ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நேத்துச் சாயங்காலத்துல இருந்து கறக்கலீங்க்கா. எனக்குன்னா ஒதைக்குது. அக்காளுக்குத்தான் நிக்கும். மடி கல்லாட்டம் ஆயிருச்சுங்க."

வெந்நீரும் துணியும் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மடி விறைத்துச் சூடாக இருந்தது. கை வைத்ததும் உதைத்தது. மறுபடி வைத்தேன், மறுபடி உதைத்தது. இரவெல்லாம் அந்த மெழுகுவர்த்திப் படங்களையே பார்த்திருந்தேன். அமைதியாவதற்கு எனக்கு விருப்பமே இல்லை. அவர் பெட்டியில் கிடக்கும்போது நான் எதற்கு அமைதியாக வேண்டும்? ஆனால் ஆட்டுக்கு வலித்தது. துணியை நனைத்து நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். நெற்றியை அதன் விலாவில் வைத்தேன். உள்ளே ஏதோ குமுறும் சத்தமும் அதன் இதயம் அடிக்கும் சத்தமும் கேட்டன. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மடி இளகியது, பால் இறங்கியது. முதலில் நூல்போல, பிறகு கனமாக. என் தோள் தானாக இறங்கியது. அந்த நேரத்தில் அது ஒரு சுகமாக இருந்தது என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. வெறுங்கைக்குள் ஒரு உயிர் வலி குறைந்து நிற்கிற சுகம்.

பாலை ரூத்திடம் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த டீத் தட்டு ஒன்றை நானே எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அங்கே வேப்பமர நிழலில் எங்கள் லேப் ஆட்கள் நின்றிருந்தார்கள். உள்ளே கூட்டமாக இருக்கிறதாம்.

"டீ எடுத்துக்கோங்க்கா."

"வேண்டாம் அம்மணி" என்றார் நிர்மலா அக்கா. "சாவு ஊட்டுல நான் தண்ணிகூடக் குடிக்கறதில்ல."

"சாரோட மாமனார் எறந்தப்ப ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே."

"அது வேற."

"என்ன வேறங்க?"

அந்த சாரே, எங்கள் முதலாளி, குறுக்கே வந்தார். "ஏம்மா, எந்த எடத்துல எதப் பேசறதுன்னு இல்லியா? அந்தம்மா எவ்வளவு சாந்தமான பொம்பள. அவங்க பேரக் கெடுக்காதே."

நான் நிர்மலா அக்காவை மட்டுமே பார்த்தேன். "உங்க பேரனுக்குச் சளி கட்டுனப்ப இந்த ஆட்டுப் பாலத்தானேக்கா வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போனீங்க? நீங்க கொண்டாந்த பாத்தரத்துல."

"அது மருந்து" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்லித்தருவதுபோல் சொன்னார். நான் ஒரு டம்ளரை எடுத்து அவர்கள் முன்னால் குடித்தேன். இரண்டு வருடம் தாமதமாக. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா." குளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். பாப்பா குடித்த பால் எஸ்தர் அக்கா வீட்டுப் பால் என்றும், தோட்டம் எதுவும் இல்லை என்றும், காலனி என்றும்.

அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அப்பவே சொல்லியிருந்தா..."

"வாங்கியிருப்பீங்களா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "நான் நல்லாக் காய்ச்சித்தான் குடுத்தேன்" என்றார்.

என் அம்மா கெட்டவர் இல்லை. நிர்மலா அக்காவும் கெட்டவர் இல்லை என்றுதான் அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்துகொண்டு இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரிடமும் சண்டைக்குப் போகாத நானும் அப்படித்தான் செய்தேன்.

அண்ணன் மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இப்போது அவளுக்கு ஐந்து வயது.

"எஸ்தர்னா யாரு அத்தை?"

"அவகிட்ட எதுக்கு அதெல்லாம்" என்றார் அம்மா.

நான் அவளிடம் சொன்னேன். உனக்கு இருமல் வந்தபோது பால் கறந்து கொடுத்தவர் என்று. அவர் வீடு எங்கே இருக்கிறது என்று. அவள் உடனே ஆட்டின் பெயரைக் கேட்டாள். ராணி என்றேன். இந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதும் விளையாடும்போதும், எஸ்தர் அத்தை ராணியைக் கறந்த கதையைச் சொல்லச் சொல்கிறாள். அம்மா எழுந்து போய்விடுகிறார். நான் நிறுத்துவதில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்தப் பெயரைத்தான்: எஸ்தர். எங்கள் சமையலறையில், எங்கள் குழந்தையின் வாயில், சத்தமாக.