பழவங்காடியில் எடுத்த சிவப்புப் பூ

பயணம் போய்வந்து எழுதுகிறவர்கள் காசிக்கும் கேதாரத்துக்கும் போய்வந்து எழுதுகிறார்கள். நான் போனது குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் வரை, ரயிலில் சுமார் நாற்பது கிலோமீட்டர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் எழாது. இப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அங்கே கண்டதும் கேட்டதும் இன்னும் மனதில் அடங்கவில்லை. பேச வராதவள் எழுதித்தானே ஆற்றிக்கொள்ள முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். உடன் வந்தது என் அக்கா செல்லம்மை. அவளுக்கு மார்பில் புற்றுநோய். அறுவை செய்து, மருந்து ஏற்றி, கொட்டிய முடி மறுபடி முளைத்து, எல்லாம் கழிந்தது என்று நாங்கள் மூச்சு விட்டபோது நோய் திரும்பி வந்துவிட்டது. அடுத்த மருந்தைத் திங்கள்கிழமை தொடங்கலாம் என்று திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். புது மருந்து ஒன்றை வைத்து ஆய்வு நடக்கிறது, விருப்பம் இருந்தால் அக்கா அதில் சேரலாம். அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல அதே ஊரில் ஸ்ரீவராகம் என்ற பகுதியில் ஞாயிறு மதியம் ஒரு கூட்டம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள்.

சேருவதா, வேண்டாமா? அக்காவின் உயிர்தான் கேள்வி. ஆனால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரையே சொல்வதில்லை. "அக்காளுக்கு அந்த இது" என்போம், அவ்வளவுதான்.

பாறசாலை தாண்டியதும் ஸ்டேஷன் பலகைகளில் மலையாளம் முன்னால் வந்துவிட்டது. நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறியது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பத்து மணிக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கினோம். ஸ்ரீவராகம் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும், அக்காவால் நடக்க முடியாது. வழியில் பழவங்காடி கணபதி கோயிலில் கொஞ்சம் காத்திருப்பதற்கும் சேர்த்து, ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் பேசினோம்.

"ஸ்ரீவராகத்தில எவிடே, சேச்சி?" என்று ஓட்டுநர் கேட்டார். கூட்டம் நடக்கும் மண்டபத்தைச் சொன்னேன்.

"ஓ, மருந்து பரீட்சணம்! போகண்டா கேட்டோ. மனுஷனை எலியாக்குற ஏற்பாடாக்கும்."

"எலிக்கு வயசு அம்பத்திநாலு ஆச்சு, தம்பி. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது.

பழவங்காடியில் தேங்காய் உடைபடும் சத்தம் தெருவுக்கே கேட்டது. கும்பிட்டு முடித்ததும் அக்கா துணிப்பையைத் திறந்தாள். உள்ளே வாழையிலைப் பொட்டலங்கள் இரண்டு, ஒரே அளவில், ஒரே மாதிரி நூல் சுற்றி. ஒன்றில் சிவப்புத் தெச்சி, மற்றதில் வெள்ளைப் பிச்சி. பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனதில் ஒன்றைக் கேட்டு, சாமி முன்னால் பொட்டலங்களை வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. செல்லம்மை அக்கா குக்கர் வாங்குவதற்குக்கூடப் பூக்கட்டிப் பார்க்கிறவள்.

பொட்டலங்களைச் சன்னதி நடையில் வைத்துத் தரும்படி பூசாரியிடம் நீட்டினாள்.

"அதொன்னும் இவிடே பதிவில்லா" என்று, அந்த வழக்கம் இங்கே இல்லை என்று கைகாட்டி அவர் நகர்ந்துவிட்டார்.

அக்கா விடவில்லை. ஓரமாக வந்து முந்தானைக்குள் பொட்டலங்களைப் போட்டுக் குலுக்கினாள். "எடுட்டி."

"நானா? வேண்டாம்க்கா, எனக்குப் பயமா இருக்கு."

"பயந்தா கை நடுங்கும். நடுங்குன கைக்குப் பொய் தெரியாது. எடு."

எடுத்தேன். நூலைப் பிரித்தால் சிவப்பு. அக்கா அதைக் கண்ணில் ஒற்றிப் பையில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. எலியாக வேண்டாம் என்று பிள்ளையாரே சொல்லிவிட்டார். பின்னே கூட்டத்துக்கு எதற்கு என்று கேட்டேன். "வரச் சொன்னவங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போறதுதான் மரியாதை" என்றாள்.

ஸ்ரீவராகத்தில் தெரு திரும்பும்போதே ஒலிபெருக்கி கேட்டது. "புற்றுநோய் உள்ளவர்களும் குடும்பத்தாரும் வரலாம்" என்று தெருவெல்லாம் கேட்கும்படி ஒரு பெண்குரல். நான் ஆட்டோவுக்குள்ளேயே குனிந்துகொண்டேன். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டும் சொல்லாத சொல் அது. இங்கே காய்கறி விலை போலக் கூவுகிறார்கள்!

கூவியது விசாலம் மாமி என்பது வாசலில் தெரிந்தது. அந்தத் தெருக்காரர், எழுபதை ஒட்டிய வயது. தெருத்தெருவாகப் போய் ஆட்களை இந்தக் கூட்டங்களுக்கு அழைத்து வருகிறவர்.

"வாங்கோ, வாங்கோ. செருப்பை உள்ளேயே விடுங்கோ. வெளியில விட்டா நாய் தூக்கிண்டு போயிடும். ஆய்வுக்கு வந்தவா செருப்பில்லாமப் போனான்னு என்னைத்தான் சொல்லுவா."

உள்ளே நாற்பது பேர் இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து இளம் பெண் டாக்டர் ஒருவர் வந்திருந்தார். மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகப் பேசினார். இரண்டு விதமான சிகிச்சை இருக்கிறது. ஒன்று வழக்கமான மருந்து. மற்றது வழக்கமான மருந்தோடு புது மருந்தும் சேர்ந்தது. பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிப் போட்டது.

"இந்த ரெண்டில் எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆய்வே வேண்டாமே. புது மருந்தால என்னென்ன தொந்தரவு வரும்னும் முழுசாத் தெரியாது."

எங்கள் ஊரில் டாக்டர் மருந்துச்சீட்டு எழுதும் கையைக் கும்பிடுகிறோம். இத்தனை வருடத்தில் எந்த டாக்டர் வாயிலிருந்தும் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, தெரியாது என்று! முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை உதறி எழுந்தார்.

"டாக்டர்மாருக்கே அறியில்லன்னா பின்ன யாருக்கு அறியும்? நான் போறேன்."

"போறதுன்னா போங்கோ அண்ணா. பழம்பொரி வந்துண்டிருக்கு, அதைத் தின்னுட்டுப் போங்கோ" என்றார் மாமி.

அவர் யோசித்து உட்கார்ந்தார். மண்டபமே சிரித்தது.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் எடுக்கும் என்றார் டாக்டர். "நானும் மாத்த முடியாது. நீங்களும் இதுதான் வேணும்னு கேட்க முடியாது."

என் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. அக்கா எழுந்து நின்றாள்.

"அப்போ கம்ப்யூட்டர் பூக்கட்டிப் பாக்குதா?"

டாக்டருக்குப் புரியவில்லை. மாமி மலையாளத்தில் விளக்கினார். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஏறக்குறைய அப்படித்தான், அம்மா. ஆனா பூ வந்தா கடவுள் உத்தரவுன்னு எடுத்துக்குவீங்க. இது உத்தரவு இல்ல. நாங்களே எடுத்துக் கொடுத்தா, மனசுக்குப் பிடிச்சவங்களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு போயிடும். அப்புறம் எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் கம்ப்யூட்டர். சேருறதா வேண்டாமான்னு மட்டும் கம்ப்யூட்டர் சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும். வேண்டாம்னாலும் வழக்கமான மருந்து உண்டு. சேர்ந்த பிறகும் எப்ப வேணும்னாலும் விலகலாம். வர்றவங்க எல்லாரையும் சேர்க்கவும் முடியாது, ரத்தமெல்லாம் பார்த்துத்தான்."

பிறகு மாமி மைக்கை வாங்கினார். "நானும் இதே மாதிரி ஒண்ணுல சேர்ந்தவதான். எனக்கு வந்தது பழைய மருந்து. ஓசி விருந்துக்குப் போய் மோர் மட்டும் கிடைச்ச மாதிரி ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்க என்ன எலியான்னு சில பேர் கேக்கறா, ஒண்ணு சொல்லுங்கோ. இப்போ நீங்க ஏத்திக்கறேளே, அந்த மருந்து ஆகாசத்துலேந்து விழுந்ததா? யாரோ ஒருத்தி முதல்ல கையை நீட்டினா. அவ யாருன்னு நமக்குத் தெரியாது. நம்ம ஊர் உடம்புக்கு ஒத்துக்குமான்னு பார்க்க, நம்ம ஊர்க்காரா நீட்டவே மாட்டேங்கறா."

அக்காவுக்கு மருந்து ஏறும்போதெல்லாம் தொங்கும் மருந்துப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சொட்டு எண்ணியிருக்கிறேன். அதற்கு முன்னால் வேறொருத்தியின் கை நீண்டிருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மாமி கொடுத்த பழம்பொரி, சூடான வாழைப்பழ பஜ்ஜி, என் கையிலேயே ஆறிப்போனது.

மாலை நான்கு மணிக்கு வெளியே வந்து ஆட்டோ பிடித்துக் கிழக்கேகோட்டையில் இறங்கினோம். ஒரு கடையில் டீ குடிக்க நின்றபோது அக்கா சொன்னாள்.

"நாளைக்குச் சேரப் போறேன்ட்டி."

அவள் பையைத் தொட்டுக் காட்டினேன். "சிவப்புல்லா வந்துச்சு!"

"நான் என்ன கேட்டேன்? புது மருந்து எடுக்கட்டான்னு கேட்டேன். பிள்ளையார் வேண்டாம்னார். இவங்க புது மருந்து தாறேன்னு எங்க சொன்னாங்க? தந்தாலும் தருவாங்க, இல்லேன்னா இல்ல. கேட்ட கேள்வியே தப்பாக்கும்."

"அப்போ திரும்பப் போய்ச் சரியாக் கேப்போம்க்கா. நடை திறந்ததும் போவோம். நானே எடுக்கேன்."

"வேண்டாம்." டம்ளரைப் பலகையில் வைத்தாள். "எனக்குக் கல்யாணத்துக்குப் பூதான் எடுத்தாங்க. ஆப்பரேசனுக்கும் பூதான். நீ என்ன சொல்லுகேன்னு என்னைய யாரு கேட்டா? இன்னைக்கு ஒருத்தி கேக்கா, அவளும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுக் கேக்கா. பதில் சொல்லாம வந்தா நல்லாவா இருக்கும்?"

சாமி சொன்னதை மீறுகிறாளே என்ற நடுக்கம் ஒரு பக்கம். ஐம்பத்திநாலு வயதுவரை இவளை ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை என்ற திகைப்பு ஒரு பக்கம். ஆஸ்பத்திரிப் பக்கம் போக நாங்கள் ஏறிய பஸ் கணபதி கோயில் வழியாகத்தான் போயிற்று. அக்கா இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்த அறையில் அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். எங்கள் ஊரில் என்றால் இத்தனை பேச்சும் நடந்திருக்காது. கதவைச் சாத்தி, சிவப்பு என்று ஒரு சொல்லில் முடித்திருப்போம்.

மறுநாள் திங்கள்கிழமை. அக்கா சேரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். ரத்தம் எடுத்தார்கள். பகல் பதினொரு மணிக்கு அந்த டாக்டர் வந்து, ரத்தத்தில் ஈரல் சம்பந்தமான அளவு ஒன்று ஆய்வுக்கு வைத்திருக்கும் எல்லைக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் சேர்க்க முடியாது என்றார். வழக்கமான மருந்தை ஏற்றினார்கள். சாயங்கால ரயிலில் ஊர் திரும்பும்போது, "சேக்கலேன்னா என்ன, நான் பதில் சொல்லியாச்சுல்லா" என்றாள் அக்கா.